மீனின் வாயருகே ஒரு சிறு மேகம்

 

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, வானவியலுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டைப் பற்றி ஜுமுஆ உரை நிகழ்த்தினேன். நட்சத்திரங்களின் அரபிப் பெயர்களை வரிசையாக அடுக்கினேன். அத்தபரான், ரிஜ்ல், அந்நஸ்ருத் தாயிர், அந்நஸ்ருல் வாகிஉ, ஃபமுல் ஹூத், ஆகிருந் நஹ்ர் ஆகிய பெயர்களே ஐரோப்பியர் நாவில் அல்டெபரான், ரைஜல், ஆல்டேர், வேகா, ஃபோமல்ஹாட், ஆகெர்னார் என்று திரிந்து இன்றளவும் வழங்கி வருகின்றன என்றேன். ஷீராஸ் நகரத்து மேதை அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி அவர்கள், தொலைநோக்கி தோன்றுவதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்பே ஆண்ட்ரோமெடா என்னும் மாபெரும் நட்சத்திர மண்டலத்தைக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தார்கள் என்றும் முழங்கினேன். சபையோரின் முகங்களில் பெருமிதம் தெரிந்தது. எனக்கும் மனம் நிறைந்திருந்தது.

தொழுகை முடிந்து கூட்டம் கலைந்தபின் பத்தாம் வகுப்புப் படிக்கும் மாணவர் ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறினார். “ஹஜ்ரத், அந்த ஆண்ட்ரோமெடா வானத்துல எந்தப் பக்கம் இருக்கும்? இன்னைக்கு இஷாவுக்கு அப்புறம் காட்டுறீங்களா?” என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. ஆண்ட்ரோமெடாவை விடுங்கள், மிம்பரில் நின்று பெயர் சொன்ன ஆறு நட்சத்திரங்களில் ஒன்றையேனும் விரல் நீட்டிக் காட்ட என்னால் இயலாது. “பார்த்துச் சொல்கிறேன் தம்பி” என்று கூறி நழுவி விட்டேன். அன்றிரவு வெட்கம் உறங்க விடவில்லை. மறுநாள் முதல் ஸூஃபி அவர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அவர்களுடைய நூலின் முன்னுரைச் செய்தியை வாசித்தபோதுதான் உண்மையான அடி விழுந்தது.

முன்னுரையில் ஒரு முறையீடு

ஸூஃபி அவர்கள் ஹிஜ்ரி 291, கி.பி. 903ஆம் ஆண்டில் ரை நகரில் பிறந்தார்கள். அந்நகரின் இடம் இன்றைய தெஹ்ரானின் தென்புறத்தை ஒட்டியது. புவைஹி மன்னர் அளுதுத் தவ்லாவின் ஆதரவில் வாழ்ந்து, ஹிஜ்ரி 376இல் (கி.பி. 986) மறைந்தார்கள். அந்த மன்னர் தம் ஆசிரியர்களைச் சொல்லிப் பெருமை கொள்வாராம்: நஹ்வு இலக்கணத்திற்கு அபூ அலீ அல்ஃபாரிஸீ, நட்சத்திரங்களை அறிவதற்கு அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்று. மத்ரஸாவில் நஹ்வு ஓதிய எவருக்கும் அபூ அலீயின் தகுதி தெரியும். அவருக்கு இணையாக வைத்துச் சொல்லப்பட்டவர் எப்படிப்பட்டவராக இருந்திருப்பார் என்பதை அதைக் கொண்டே ஊகித்துக் கொள்ளலாம்.

அம்மன்னருக்காக கி.பி. 964ஆம் ஆண்டளவில் ஸூஃபி அவர்கள் இயற்றிய நூலே ‘ஸுவருல் கவாகிபிஸ் ஸாபிதா’. நிலையான நட்சத்திரங்களின் உருவங்கள் என்பது அதன் பொருள். கோள்கள் இடம் மாறி அலைபவை; அவற்றைத் தவிர்த்து, ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் நிற்பனவற்றை நிலையானவை என்று முன்னோர் அழைத்தனர்.

முன்னுரையில் அவர்கள் இருவகை மனிதரைப் பற்றி முறையிடுகின்றார்கள். முதல் வகையினர் கணித வானவியலாரின் வழியில் செல்பவர்கள். நட்சத்திரங்களை அறியாத ஓவியர்கள் வரைந்த வானக் கோளங்களை நம்பி, நூல்களில் கண்ட அளவுகளை அப்படியே அவற்றில் பதித்துக் கொள்வார்கள். எது சரி, எது பிழை என்று வானத்தோடு ஒப்பிட்டுப் பிரித்தறியும் ஆற்றல் அவர்களுக்கு இல்லை. இரண்டாம் வகையினர் அரபுகளின் மரபுவழியில் சந்திரனின் தங்கல்களையும் மழைக்காலத்து நட்சத்திரங்களையும் பேசுபவர்கள். அவர்களிலும் பலர் கேட்டதை எழுதினரேயன்றிக் கண்டதை எழுதவில்லை.

இதைப் படித்தபோது என் பெயரும் அந்தப் பட்டியலில் இருப்பதாகவே உணர்ந்தேன். எந்தப் பெரியாரின் பெயரைச் சொல்லி நான் பெருமை பேசினேனோ, அவர்களே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு என் போன்றவரைச் சுட்டி எழுதி வைத்துவிட்டார்கள்!

எண்ணிப் பார்த்தவர்

அவர்கள் கையில் இருந்த அடிப்படை நூல், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த தாலமியின் ‘அல்மஜிஸ்தீ’. அதில் 48 நட்சத்திர உருவங்களும், ஆயிரத்துக்குச் சற்று அதிகமான நட்சத்திரங்களின் இடங்களும் ஒளித்தரங்களும் உள்ளன. ஸூஃபி அவர்கள் அந்த 48 உருவங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, தாலமி சொன்ன ஒவ்வொரு நட்சத்திரத்தையும் வானத்தில் தேடினார்கள். தாலமி மூன்றாம் தரம் என்றது தம் கண்ணுக்கு நான்காம் தரமாகத் தெரிந்தால் அவ்வாறே எழுதினார்கள். தாலமியின் பட்டியலில் உள்ள ஒன்று தேடியும் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றே எழுதினார்கள். பட்டியலில் இல்லாத பல நட்சத்திரங்களை இன்னதற்கு அருகே இன்னது என்று குறித்து வைத்தார்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இடங்களை அவர்கள் புதிதாக அளக்கவில்லை. வானத்தின் அளவுகோல் காலப்போக்கில் மெதுவாக நகர்கிறது. அதனால் நட்சத்திரங்களின் அளவுகள் எல்லாம் நூற்றாண்டுதோறும் சிறிது கூடுகின்றன. நூறு ஆண்டுகளுக்கு ஒரு பாகை என்றார் தாலமி. ஸூஃபி அவர்கள் 66 ஆண்டுகளுக்கு ஒரு பாகை என்ற கணக்கை ஏற்று, தாலமியின் எண்கள் அனைத்தோடும் 12 பாகை 42 கலையைக் கூட்டிக் கொண்டார்கள். இன்றைய அளவு ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை. எனவே இடங்களைப் பொறுத்தவரை தாலமியின் பிழைகள் ஸூஃபியின் நூலிலும் தங்கிவிட்டன. ஒளித்தரங்களோ முழுக்க அவர்களுடைய கண்ணின் உழைப்பு. பிற்காலத்தில் வானவியலார் அந்த நூலை மதித்ததற்கு முதற்காரணம் அந்த ஒளித்தரங்களே.

ஒவ்வோர் உருவத்தையும் இரண்டு முறை வரைந்தார்கள்: வானத்தில் காண்கிறபடி ஒன்று, கோளத்தின் வெளிப்புறத்தில் பொறித்தால் தெரிகிறபடி இடவலம் மாறி மற்றொன்று. இதன் அருமை எனக்கு அப்போது விளங்கவில்லை. பின்னர் மொட்டை மாடியில்தான் விளங்கியது.

இன்னொரு செய்தி. ‘தென்வானத்தில் தெரியும் மெகல்லன் மேகத்தை ஸூஃபி கண்டார்’ என்று பல நூல்களில் எழுதியிருக்கிறார்கள்; நானும் ஒரு மேடையில் பேசியிருக்கிறேன். அவர்கள் எழுதியது வேறு. ஸுஹைல் நட்சத்திரத்தின் பாதங்களுக்குக் கீழே, இராக்கிலும் நஜ்திலும் தென்படாத வெண்மையான பிரகாசமுள்ளவை சில இருப்பதாகவும், திஹாமா மக்கள் அவற்றை ‘அல்பகர்’, அதாவது பசுக்கள் என்று அழைப்பதாகவும் சிலர் கூறுகின்றனர். தாலமி இதைச் சொல்லவில்லை. உண்மையா பொய்யா என்பது நமக்குத் தெரியாது என்கிற கருத்தையே அவர்கள் பதிவு செய்தார்கள். காணாததைக் கண்டதாகச் சொல்லவில்லை. நாம்தான் அவர்கள் சார்பில் அதைச் சொல்லிக் கொண்டிருக்கிறோம். அந்த மேகம் நம் தமிழகத்தின் தென்கோடியிலிருந்தும் அடிவானத்தை ஒட்டியே தெரியும். ஷீராஸிலிருந்து தெரியவே தெரியாது.

மேகக் கறை

இனி ஆண்ட்ரோமெடாவுக்கு வருவோம். கிரேக்கர் அங்கே சங்கிலியால் பிணைக்கப்பட்ட ஒரு பெண்ணின் உருவத்தைக் கற்பனை செய்தனர். அரபு நூல்களில் அவள் ‘அல்மர்அத்துல் முஸல்ஸலா’. அவளுடைய இடுப்புக் கச்சையின் மேல் மூன்று நட்சத்திரங்கள் ஒரு வரிசையில் நிற்கின்றன. அவற்றில் பிரகாசமானதன் பெயர் இன்று ‘மிராக்’. இஸார் என்று நாம் வழங்கும் சொல்லின் உறவான ‘மிஃஸர்’ என்பதே இலத்தீன் எழுத்தர்களின் கையில் சிதைந்து அப்படி ஆயிற்று. தாலமியின் பட்டியலில் அந்தப் பெண்ணுருவின் 12, 13, 14ஆம் நட்சத்திரங்கள் இந்த மூன்றும்.

பாலைவனத்து அரபுகள் இதே பகுதியில் பெண்ணைக் காணவில்லை. ஒரு பெரிய மீனைக் கண்டார்கள். இரு நட்சத்திர வரிசைகள் வளைந்து அந்த மீனின் உடலாகின்றன. ஸூஃபி அவர்கள் அரபுகளின் இந்த மீனை விவரிக்கும்போது, அவ்வரிசைகள் 14ஆம் நட்சத்திரத்திற்கு அருகிலுள்ள ‘லத்கா ஸஹாபிய்யா’வில் தொடங்குகின்றன என்று எழுதினார்கள். லத்கா என்றால் கறை, தீற்றல். ஸஹாப் என்றால் மேகம். மேகம் போன்ற ஒரு கறை! ஓவியத்திலும் மீனின் வாயருகே சிறு புள்ளிகளாக அதைக் குறித்தார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் வரையில் அந்தப் பொருளைப் பற்றிய முதல் எழுத்துப் பதிவு இதுவே.

நண்பர்களே, கவனியுங்கள். “நான் கண்டுபிடித்தேன்” என்று அவர்கள் சொல்லவில்லை. அரபுகள் அறிந்திருந்த ஒன்றைச் சொல்லும்போது, அது இருக்கும் இடத்தைத் தவறாமல் குறித்தார்கள். மூன்று நட்சத்திரங்களைப் பிடி. மூன்றாவதன் பக்கத்தில் பார் என்கிற அளவுக்கு வழி தெளிவாகிவிட்டது.

மொட்டை மாடியில்

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். மாற்றுச் சமயத்தவர், எங்கள் மஹல்லாப் பிள்ளைகள் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். அவரிடம் சிறிய தொலைநோக்கி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, அந்த மாணவரையும் அழைத்துக் கொண்டு சென்றேன். “வாங்க ஹஜ்ரத், நவம்பர் கடைசியில வாங்க, இஷா முடிஞ்சதும் நேரா தலைக்கு மேலேயே இருக்கும்” என்றார்.

நவம்பர் வந்ததும் அவசரப்பட்டு ஒரு நாள் போய் நின்றேன். அன்று பிறை பதினான்கு. மாடியெங்கும் பால்போல் நிலவு. அவர் சிரித்து விட்டார். “பிறைக் கணக்கு உங்களுக்குத் தெரியாததா? மாசக் கடைசியில வாங்க. நிலா இருந்தா மங்கலா இருக்கிற எதுவுமே தெரியாது” என்றார். ஆண்டுதோறும் பிறை தேடி மாடியேறும் எனக்கு இதைக்கூட ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டு வாரம் கழித்து, பிறைமாதத்தின் 28ஆம் இரவு சென்றோம். மாடி விளக்கை அணைத்தார். மாணவரின் கைப்பேசியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக் கொண்டார்; திசை காட்டும் செயலி அதில் இருக்கிறதே என்று அவர் முணுமுணுத்ததை ஆசிரியர் காதில் வாங்கவில்லை. கண் இருளுக்குப் பழக அரைமணி நேரம் வேண்டும்; ஒரு நொடி வெள்ளை வெளிச்சம் பட்டாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். படம் பார்ப்பதற்கு டார்ச் விளக்கின் வாயில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் கட்டி வைத்திருந்தார்.

முதலில் வெறுங்கண்ணால் தேடினோம். உச்சியில் நான்கு நட்சத்திரங்கள் ஒரு பெரிய சதுரமாக நிற்கின்றன. நம் நாட்டார் பூரட்டாதி, உத்திரட்டாதி என்று சொல்வது இந்தச் சதுரத்தின் மேற்கு, கிழக்குப் பக்கங்களையே. வடகிழக்கு மூலையில் உள்ளதன் பெயர் அல்ஃபெரட்ஸ். ‘ஸுர்ரத்துல் ஃபரஸ்’, குதிரையின் தொப்புள் என்பதன் மிச்சம். வடக்கே முகம் திருப்பி நின்று, அந்த மூலையிலிருந்து வலப்புறமாகச் சென்றால், இடையில் ஒரு மங்கலானதைத் தாண்டி, அடுத்த பிரகாசமான நட்சத்திரம் மிராக். மிராக்கிலிருந்து வடமேற்காகத் திரும்ப வேண்டும். ஏறத்தாழ நான்கு பாகையில் ஒரு மங்கலான நட்சத்திரம். அதே திசையில் இன்னும் சற்றுத் தொலைவில் அதைவிட மங்கலான மற்றொன்று. கையை முழுக்க நீட்டி நடுவிரல் மூன்றைச் சேர்த்துப் பிடித்தால் அதன் அகலம் சுமார் ஐந்து பாகை என்பதால், இந்தத் தொலைவுகளை விரலாலேயே அளந்து விடலாம். அந்த மூன்றாவது நட்சத்திரத்தின் இடப்பக்கம், ஒன்றேகால் பாகை தள்ளி இருக்கிறது நாம் தேடுவது.

ஆசிரியர் இதைச் சொல்லி முடித்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. இது கி.பி. 964இல் ஸூஃபி அவர்கள் எழுதிய அதே குறிப்பு! கச்சையின் மூன்று நட்சத்திரங்கள், மூன்றாவதன் பக்கத்தில் கறை. ஆசிரியர் அதை ஏதோ ஓர் ஆங்கிலக் கையேட்டில் படித்திருந்தார். ஸூஃபியின் பெயரை அவர் கேட்டதில்லை. ஒரு நட்சத்திரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிச் செல்லும் இந்த முறையையே உலகெங்கும் தொலைநோக்கி ஆர்வலர்கள் இன்றும் கையாள்கின்றனர்.

ஊர் வெளிச்சத்தில் வெறுங்கண்ணுக்கு அது தெரியவில்லை. தொலைநோக்கியை அந்த மூன்றாவது நட்சத்திரத்தின்மேல் திருப்பினார். 70 மில்லிமீட்டர் வாயுள்ள குழாய். குவிய நீளம் 700 மில்லிமீட்டர். கண்ணருகே பொருத்தும் வில்லைகள் இரண்டு இருந்தன: 25 மில்லிமீட்டர் ஒன்று, 4 மில்லிமீட்டர் ஒன்று. முதலாவதைப் பொருத்தினால் 28 மடங்கு பெரிதாகும். இரண்டாவதில் 175 மடங்கு. பெரிதாகத் தெரிந்தால்தானே நல்லது என்று நான் இரண்டாவதைக் கேட்டு வாங்கிப் பொருத்தினேன். ஒரே இருட்டு. அதில் தெரியும் வட்டத்திற்குள் முழுநிலவின் அகலமே கொள்ளாது. நாம் தேடுவதோ ஆறு முழுநிலவை வரிசையாக வைத்த நீளமுள்ளது. சிறிது நேரம் என்னை அப்படியே தேட விட்டுவிட்டு, பிறகு பேசாமல் 25 மில்லிமீட்டர் வில்லையை மாற்றிக் கொடுத்தார்.

அப்போதும் எனக்கு வழி தவறியது. இடப்பக்கம் நகர்த்த வேண்டும் என்று நகர்த்தினால் நட்சத்திரங்கள் எதிர்த்திசையில் ஓடுகின்றன! கழுத்து வலிக்காமல் பார்ப்பதற்காகக் குழாயின் முனையில் வளைவான கண்ணாடிப் பகுதி ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். அது காட்சியை இடவலம் மாற்றிக் காட்டும் என்றார் ஆசிரியர். கையிலிருந்த வரைபடம் வானத்தை உள்ளபடி காட்டுகிறது. குழாய் அதன் கண்ணாடி பிம்பத்தைக் காட்டுகிறது. ஸூஃபி அவர்களின் இரட்டை ஓவியங்கள் அப்போது நினைவுக்கு வந்தன. கோளம் செய்பவருக்காக அவர்கள் இடவலம் மாற்றி வரைந்த இரண்டாவது படத்தை வைத்துக் கொண்டால், இந்தக் குழாய்க்கு அது அப்படியே பொருந்தும்.

கடைசியில் கண்ணில் பட்டது. நேராக உற்றுப் பார்த்தால் மறைகிறது. பார்வையைச் சற்று ஒதுக்கினால் மேலெழுகிறது. இருளில் விழித்திரையின் ஓரப்பகுதிக்கே கூர்மை அதிகம் என்பது காரணம். நிறமில்லை, சுருள் கரங்கள் இல்லை. பத்திரிகைகளில் அச்சாகும் வண்ணப் படங்களை மனத்தில் வைத்துச் சென்ற எனக்கு முதலில் ஏமாற்றமே. ஈரத் துணியால் சிலேட்டைத் துடைத்தால் எஞ்சும் வெண்திட்டு போல, நீள்வட்டமாக ஒரு மங்கல். இதற்காகவா இத்தனை இரவு என்று நினைத்தபோதே, இதற்கு ‘லத்கா’ என்பதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியில் இருக்கிறது என்றும் தோன்றியது.

மேகத்தின் பின்கதை

ஸூஃபியின் நூல் கைமாறிக் கைமாறி வாழ்ந்தது. ஸமர்கந்தை ஆண்ட உலூக் பேக், சுமார் 40 மீட்டர் ஆரமுள்ள பிரம்மாண்டமான கருவியைத் தரையைக் குடைந்து அமைத்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட நட்சத்திரங்களின் இடங்களைப் புதிதாக அளந்து 1437ஆம் ஆண்டளவில் பட்டியலிட்டார். ஸமர்கந்திலிருந்து காண இயலாத தென்புற நட்சத்திரங்கள் சிலவற்றிற்கு மட்டும் ஸூஃபியின் நூலை நாடினார். நம் மத்ரஸாக்களில் ஒரு காலத்தில் ‘ஷரஹ் சக்மீனி’ என்ற வானவியல் பாடநூல் ஓதப்பட்டது அல்லவா? அதை இயற்றிய காளீ ஸாதா ரூமீ அந்த ஸமர்கந்து ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவரே. உலூக் பேக் 1449இல் சொந்த மகனின் ஏற்பாட்டால் கொல்லப்பட்டார். ஆய்வுக்கூடம் மண்ணில் புதைந்து, 1908இல்தான் தோண்டி எடுக்கப்பட்டது.

ஐரோப்பாவில் 1608இல் தொலைநோக்கி தோன்றியது. 1612 டிசம்பரில் ஜெர்மானியரான சைமன் மாரியஸ் அதன் வழியே இந்த மேகத்தைப் பார்த்து, கொம்புத் தகட்டுக்குப் பின்னால் எரியும் மெழுகுவத்தியின் ஒளி போன்றது என்ற பொருளில் எழுதினார். 1764 ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரரான மெஸ்ஸியே, வால்நட்சத்திரம் தேடுவோர் மங்கலான திட்டுகளைக் கண்டு ஏமாறாமல் இருப்பதற்காகத் தொகுத்த பட்டியலில் இதை 31ஆம் எண்ணாகச் சேர்த்தார். முதலில் கண்டவர் மாரியஸ் என்று குறித்தார். ஸூஃபியின் குறிப்பு அவர் பார்வைக்கு எட்டவில்லை.

அது என்ன என்பது மேலும் ஒன்றரை நூற்றாண்டுக்கு விளங்கவில்லை. ஒளி கூடிக் குறையும் ஒருவகை நட்சத்திரங்களில், அந்த ஏற்ற இறக்கத்தின் கால அளவுக்கும் அவற்றின் உண்மையான பிரகாசத்திற்கும் தொடர்பு உண்டு என்று ஹென்ரியெட்டா லீவிட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1912இல் நிறுவினார். 1923 அக்டோபரில் எட்வின் ஹபிள், கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் 100 அங்குலத் தொலைநோக்கியால் எடுத்த படத்தில், இந்த மேகத்துக்குள் அத்தகைய நட்சத்திரம் ஒன்றை அடையாளம் கண்டார். அதைக் கொண்டு தொலைவைக் கணக்கிட்டபோது, நம்முடைய நட்சத்திர மண்டலத்திற்கு வெகு அப்பால் உள்ள தனியொரு மண்டலம் அது என்பது உறுதியாயிற்று. இன்றைய கணக்கின்படி தொலைவு சுமார் 25 இலட்சம் ஒளியாண்டுகள். ஸூஃபி அவர்கள் கண்ட ஒளிக்கும் நாம் காணும் ஒளிக்கும் இடையே ஆயிரத்துச் சொச்ச ஆண்டுகள்தாம். 25 இலட்சத்தில் அது எம்மாத்திரம்!

இந்த வரிசையைச் சொல்லும்போது நெஞ்சில் ஒரு முள் தைக்கிறது. மூன்றாம் முராதின் ஆட்சியில் தகிய்யுத்தீன் என்ற மேதை இஸ்தான்பூலில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1577இல் அது செயல்படத் தொடங்கியது. அதே காலத்தில் டென்மார்க்கின் டைக்கோ பிராஹே தம் தீவில் வைத்திருந்த கருவிகளுக்கு அதன் கருவிகள் சற்றும் குறைந்தவையல்ல. 1580 ஜனவரியில் அரச ஆணைப்படி அது இடித்துத் தள்ளப்பட்டது. அரண்மனைப் போட்டி, கொள்ளைநோய், போர் என்று வரலாற்றாசிரியர்கள் காரணம் பல சொல்வார்கள். அன்றைய ஷைகுல் இஸ்லாமின் எதிர்ப்பும் அவற்றில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. தொலைநோக்கி வருவதற்கு இருபத்தெட்டே ஆண்டுகள் இருந்தன. டமாஸ்கஸ் உமவிய்யா பள்ளிவாசலில் இப்னுஷ் ஷாத்திர் போன்ற வானவியலாரைத் தொழுகை நேரம் கணிக்கும் முவக்கித்தாக அமர்த்திய சமுதாயம் அது. வானவியலாரைப் பள்ளிவாசலுக்குள் வைத்துப் போற்றியதை மிம்பரில் சொல்கிறோம், இடித்ததைச் சொல்வதில்லை.

தொலைநோக்கி இல்லாதவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். சாதாரண பைனாகுலர் போதும். செப்டம்பர் மாத இரவில் திருவோண நட்சத்திரத்திலிருந்து வேகாவை நோக்கி மூன்றில் ஒரு பங்கு தூரம் சென்றால், சட்டை மாட்டும் ஹேங்கரைத் தலைகீழாக வைத்தது போன்ற உருவில் பத்து நட்சத்திரங்கள் தெரியும். இதையும் முதலில் எழுதி வைத்தவர்கள் ஸூஃபி அவர்களே. அவை ஒரே கூட்டமல்ல, தற்செயலாக ஒரே திசையில் தென்படுபவை என்பதை 1990களில் ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோளின் அளவீடுகள் காட்டின. நிலவுள்ள இரவென்றாலும் கவலையில்லை. பிறை ஆறு, ஏழில் சந்திரனின் தென்பாதியில், இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டருகே தேடினால் 47 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பள்ளம் கிடைக்கும். அதன் பெயர் ‘அஸோஃபி’. நம் அஸ்ஸூஃபிதான்.

அந்த இரவுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, உரையைத் தொடங்குமுன் முந்தைய உரையில் நான் செய்த பிழைகளைச் சொன்னேன். ஸூஃபி அவர்கள் அதைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக் கொள்ளவில்லை. அது தனி நட்சத்திர மண்டலம் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று அவர்கள் எழுதியதும் இல்லை என்றேன். தொழுகைக்குப் பின் ஜமாஅத்தின் மூத்தவர் ஒருவர் வருத்தத்துடன் கையைப் பிடித்தார். “என்ன ஹஜ்ரத், நம்ம பெருமையை நீங்களே குறைச்சுப் பேசிட்டீங்களே” என்றார். இஷாவுக்குப் பிறகு ஆசிரியர் வீட்டு மாடிக்கு வாருங்கள் பாய் என்று அழைத்தேன். நிலவு இன்னும் இளம்பிறையாகவே இருந்தது, இஷாவுக்குள் மறைந்துவிடும்.

முழங்கால் வலியோடு படியேறி வந்தார். வெகுநேரம் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, “கண்ணாடியில ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கு, தொடைங்க தம்பி” என்றார் மாணவரிடம். மாணவர் துடைக்கவில்லை. “அப்படியே பாத்துக்கிட்டே இருங்க நன்னா” என்றார். பூமி சுழலச் சுழல, அந்த மங்கல் திட்டு அருகிலிருந்த நட்சத்திரங்களோடு சேர்ந்து மெல்ல மெல்ல வட்டத்தின் விளிம்புக்கு நகர்ந்தது. சில நிமிடங்களில் மறைந்தே போயிற்று.

“போயிருச்சே” என்றார் பெரியவர், கண்ணை எடுக்காமல். மாணவர் குழாயை மெதுவாகத் திருப்பி மிராக்கைப் பிடித்தார், அடுத்ததற்குத் தாவினார், அதற்கடுத்ததற்கு. ஆசிரியர் உதவிக்கு எழுந்தார். தேவைப்படவில்லை.